மெருகும் சேதாரமும்: தமிழர் அணிகலப் பேணல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாநிலத்தைச் சேர்ந்த குவான் லுக் பாட் என்னும் தொல்லிடத்தில் சிறிய உரைகல் ஒன்று கிடைத்துள்ளது. அதன்மீது தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் இக்கல், பெரும்பத்தன் என்னும் பொற்கொல்லனுக்கு உரியது என்று அறிஞர் பொருள் கொள்வர். பொற்கொல்லரைப் ‘பத்தர்’ என்று அழைக்கும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. மலாய்த் தீபகற்பத்தில் தமிழ்ப் பொற்கொல்லரின் தொடர்பு எவ்வளவு பழைமையானது என்பதற்கு இச்சிறு கல் சான்றாக விளங்குகிறது.

இக்கல் மற்றோர் உண்மையையும் நமக்கு நினைவூட்டுகிறது. பொன்னின் தரத்தை அறிய வேண்டுமானால் அதனைக் கல்லில் உரைக்க வேண்டும். உரைத்தால் பொன்னின் ஒரு நுண்பகுதி கல்லில் தங்கிவிடும். குறுந்தொகைப் பாடல் ஒன்றில், மாம்பூந் தாது படிந்த கருங்குயில் பொன் உரைத்த கல்லுக்கு உவமிக்கப்படுவது இலக்கிய மாணவர் நன்கறிந்ததே. அந்த உவமையின் அழகு, கல்லில் தங்கிய பொன்னில்தான் இருக்கிறது. கல்லுக்கு அழகு சேர்த்த பொன், நகைக்கு உரியவரின் கணக்கில் இழப்பாகும்.

பொன்னையும் வெள்ளியையும் துலக்குவதும் இத்தகையதே. ஒளி பெறுவதற்குப் பெரும்பாலும் உலோகத்தையே விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தமிழர் அணிகலன்களைத் தூய்மை செய்த முறைகளையும், அவற்றால் நேர்ந்த நிறை இழப்பை நூல்களும் சட்டங்களும் வழக்காறுகளும் எவ்வாறு எதிர்கொண்டன என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொற்கொல்லர் மீது காலந்தோறும் சுமத்தப்பட்ட பழியில் ஒரு பகுதி, இவ்விழப்பைச் சரிவர உணராமையால் எழுந்தது என்பது நம் கருத்து.

மாசு, கறுப்பு, களிம்பு

அணிகலன்கள் ஒளி குன்றுவதைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. பொன் ‘மங்குகிறது’; வெள்ளி ‘கறுக்கிறது’; செம்பு ‘களிம்பேறுகிறது’. இம்மூன்று வினைகளும் மூன்று வேறு நிகழ்ச்சிகளைக் குறிப்பவை. உலோகங்களின் இயல்பை அன்றாட வாழ்வில் கூர்ந்து நோக்கியவர்களே இச்சொற்களைப் பிரித்து வழங்கியிருக்க வேண்டும்.

தூய பொன் காற்றாலும் நீராலும் மாற்றமடைவதில்லை. நாம் அணியும் நகைப் பொன்னில் வெள்ளியும் செம்பும் கலந்திருப்பதால் அதன் மேற்பரப்பு நாளடைவில் சிறிது நிறம் மாறலாம். ஆயினும் தாலிக்கொடியும் வளையலும் மங்குவதற்கு முதற்காரணம் உடலின் எண்ணெய்ப் பசை, வியர்வை, மஞ்சள், சவர்க்காரம் ஆகியவை இடுக்குகளில் படிவதே. எனவே பொன்னின் மாசு பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்காகும். அதனைக் கரைத்து நீக்கினாலே போதும். பொன்னைத் தேய்க்க வேண்டிய தேவை இல்லை.

வெள்ளியின் நிலை வேறு. காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து, வெள்ளிச் சல்பைடு என்னும் கரிய படலத்தை உண்டாக்குகின்றன. கொலுசும் மெட்டியும் விரைந்து கறுத்தால் ‘உடற்சூடு’ என்று நம் இல்லங்களில் கூறுவர். உண்மையில் கந்தகமே காரணம். கம்பளியும், கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தப்பட்ட இரப்பரும் வெள்ளியைக் கறுக்கச் செய்வன. நகைப் பொட்டலத்தை இரப்பர் வளையத்தால் கட்டி வைக்கும் வழக்கத்தை நாம் கைவிடுவது நன்று. இங்கு நாம் கருத வேண்டியது, அக்கறுப்புப் படலத்தில் வெள்ளியும் ஒரு பகுதியாக உள்ளது என்பதாகும். கறுப்பைத் தேய்த்து நீக்கும்போது அதனுள் இருக்கும் வெள்ளியும் உடன் போகிறது.

செம்பின் களிம்பு தமிழ்ச் சிந்தனையில் தனியிடம் பெற்றது. உயிரோடு அனாதியாகவே பிணைந்துள்ள ஆணவ மலத்திற்குச் செம்பிற் களிம்பைச் சைவ சித்தாந்த நூல்கள் உவமையாக்கின. களிம்பு செம்போடு உடன் பிறந்தது என்பது அவ்வுவமையின் அடிப்படை. வேதியியல் நோக்கில் களிம்பு, காற்று, ஈரம், அமிலம் ஆகியவற்றின் சேர்க்கையால் பின்னர்த் தோன்றுவதே. எனினும் எத்தனை முறை புளியிட்டுத் துலக்கினும் களிம்பு மீண்டும் வந்து சேர்வதைக் கண்ட அனுபவமே அவ்வுவமைக்கு வலிமை தந்தது எனலாம். பொன்னுக்கோ இதற்கு நேர்மாறான இடம் கிடைத்தது. துன்பத்தில் தவம் ஒளிர்வதைத் தீயில் சுடப்படும் பொன்னோடு ஒப்பிடுகிறது 267ஆம் குறள். தீயில் பொன் ஒன்றையும் இழப்பதில்லை என்னும் நம்பிக்கை சட்ட நூல்களிலும் இடம்பெற்றதைப் பின்னர்க் காண்போம்.

இல்லங்களில் வழங்கிய முறைகள்

நம் இல்லங்களில் மூன்று பொருள்கள் முதன்மை பெற்றன. அவை பூந்திக்கொட்டை, புளி, சாம்பல் என்பன.

பூந்திக்கொட்டையின் தோலில் சபோனின் என்னும் நுரைக்கும் பொருள் உள்ளது. அதனை வெந்நீரில் ஊறவைத்துப் பெறும் நீர், எண்ணெய்ப் பசையைப் பிரித்தெடுக்கும் தன்மையது, உலோகத்தை அரிப்பதில்லை. அந்நீரில் நகையை ஊறவைத்து, மென்மையான தூரிகையால் இடுக்குகளைத் துலக்கி, நல்ல நீரில் அலசித் துணியால் ஒற்றி எடுப்பர். இல்லத்துப் பெண்களும் பொற்கொல்லரும் ஒருங்கே ஏற்றுக்கொண்ட முறை இது. பொன் நகையின் மாசு ஒட்டிய அழுக்கே என்னும் உண்மைக்கு இம்முறை முற்றிலும் பொருந்துகிறது. இதனால் நேரும் நிறை இழப்பு மிக மிகக் குறைவு.

புளியில் டார்டாரிக் அமிலம் மிகுதி. அது செம்பின் களிம்பைக் கரைக்கும். செம்புப் பாத்திரத்திற்கும் பித்தளைக் குத்துவிளக்கிற்கும் அது ஏற்றது. முத்தும் பவளமும் பதித்த நகைகளுக்கு அது தீங்கு விளைவிக்கும். அவ்விரண்டும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. எனவே அமிலம் அவற்றின் மேற்பரப்பை அரித்துவிடும்.

வெள்ளியைத் துலக்கச் சாம்பலும் விபூதியும் பயன்பட்டன. இவை காரத்தன்மை உடைய நுண்பொடிகள். பசையை நீக்குவதோடு கறுப்பையும் மெல்லத் தேய்த்தெடுக்கும். பொடி எவ்வளவு நுண்ணியதாக உள்ளதோ அந்த அளவிற்குக் கீறலும் இழப்பும் குறையும். ஆற்று மணலாலோ செங்கற் பொடியாலோ பாத்திரம் விளக்கியவர்கள், வெள்ளி நகைக்கு மட்டும் சலித்த நீற்றை எடுத்தனர். இது வெறும் புனித உணர்வால் மட்டும் அமைந்தது எனக் கூற இயலாது. அதில் சிக்கனமும் கலந்திருந்தது.

கல் பதித்த நகைகளுக்குத் தனி எச்சரிக்கை இருந்தது. பழைய முறையில் செய்யப்பட்ட அட்டிகை, பதக்கம் முதலியவற்றில் கற்களுக்குக் கீழே ஒளிர் தகடும் அரக்கும் வைக்கப்பட்டன. கொதிநீர் பட்டால் அரக்கு இளகும். ஈரம் உட்புகுந்தால் தகடு கறுத்துக் கல்லின் ஒளி மங்கும். இத்தகைய நகைகளை நீரில் அமிழ்த்தாமல் துணியால் மட்டும் துடைத்து வைப்பதே முறையாகும்.

பொற்கொல்லர் பட்டறையில் மெருகேற்றுதல்

இல்லத்து முறைகளால் நீங்காத மங்கலைப் போக்க நகை பட்டறைக்குச் சென்றது. அங்கு இரு வகைச் செயல்கள் நிகழ்ந்தன. ஒன்று தேய்த்து மெருகிடுதல். மற்றொன்று நிறம் ஏற்றுதல்.

உப்பு, படிகாரம், வெடியுப்பு ஆகியவற்றின் கலவையில் பொன்னைச் சூடாக்கினால், மேற்பரப்பில் உள்ள செம்பும் வெள்ளியும் கரைந்து நீங்கும். எஞ்சிய மேல்தோல் ஏறத்தாழத் தூய பொன்னாகிச் செம்மஞ்சள் நிறம் பெறும். பல நாட்டுப் பொற்கொல்லரும் அறிந்திருந்த நுட்பம் இது. இம்முறையில் செம்பும் வெள்ளியும் குறைவதோடு பொன்னும் சிறிதளவு கரைவதுண்டு. வாடிக்கையாளர் கண்ணுக்கு நகை புதிதாகத் தோன்றும். தராசு மட்டும் வேறு செய்தி கூறும்.

பட்டறையில் சிந்திய துகள் வீணாக விடப்படவில்லை. உரைகல்லில் தங்கிய பொன்னை மெழுகில் ஒற்றிச் சேர்த்தனர். உலைச் சாம்பலையும் தரைப் புழுதியையும் திரட்டி வைத்தனர். அப்புழுதியை விலைக்கு வாங்கி, நீரில் அரித்துப் பொன்னைப் பிரித்தெடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் இருந்தனர். புழுதிக்கும் விலை இருந்தது என்பதே, தொழிலில் பொன் தவிர்க்கவியலாது சிந்தியது என்பதற்குத் தக்க சான்றாகும்.

நூல்களிலும் கல்வெட்டுகளிலும் நிறைக் கணக்கு

இவ்விழப்பை முதலில் கூர்ந்து நோக்கிய நூல்களுள் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் ஒன்று. ஆர். சாமசாத்திரி 1909ஆம் ஆண்டு பதிப்பித்த இந்நூலின் இரண்டாம் அதிகரணத்தில், முடிந்த நகையிலிருந்து உலோகத்தைக் கவரும் வழிகள் நான்காகக் கூறப்படுகின்றன. இடித்தல், வெட்டுதல், சுரண்டுதல், தேய்த்தல் என்பன அவை. நான்காவதான தேய்த்தல் நம் ஆய்வுக்கு மிகவும் இன்றியமையாதது. அரிதாரம், மனோசிலை, சாதிலிங்கம் ஆகியவற்றுள் ஒன்றன் பொடியையோ குருவிந்தப் பொடியையோ துணியில் பூசித் தேய்த்தால் பொன், வெள்ளி நகைகள் தேய்ந்து குறையும். வேறு ஊறு எதுவும் அவற்றில் தெரியாது என்று அந்நூல் கூறுகிறது. மெருகிடுவதும் களவாடுவதும் ஒரே கையசைவில் அடங்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் கூறுதல் அரிது. அதே பகுதியில், காலங்கடந்து திரும்பப் பெறும் பொருள் அதே தரமும் நிறையும் உடையதாக இருக்க வேண்டும் என்று கூறும் நூலாசிரியர், தேய்மானத்தையும் சிதைவையும் அதற்கு விலக்காகக் கொள்கிறார்.

யாக்ஞவல்கிய ஸ்மிருதி, தீயிலிடப்படும் உலோகங்களின் இழப்பிற்கு அளவு வகுத்துள்ளது. வெள்ளிக்கு நூறு பலத்தில் 2 பலமும், ஈயத்திற்கும் தகரத்திற்கும் 8 பலமும், செம்பிற்கு 5 பலமும், இரும்பிற்கு 10 பலமும் இழப்பாக ஏற்கப்படுகின்றன. பொன்னுக்கு இழப்பே இல்லை. இதற்கு உரை கண்ட மிதாட்சரம், பொற்கொல்லரிடம் கொடுத்த பொன் எத்தனை நிறையோ அத்தனை நிறையும் திரும்ப வர வேண்டும் என்றும், குறைந்தால் ஈடும் தண்டனையும் உண்டு என்றும் விளக்குகிறது.

தீயைப் பொறுத்தவரை இவ்விதி அறிவியலோடு ஒத்துப்போகிறது. பொற்கொல்லர் உலையின் வெப்பத்தில் பொன் எரிந்து போவதில்லை. ஆனால் நகை தீயோடு முடிவதில்லை. அதனை அரத்தால் அராவ வேண்டும், தேய்க்க வேண்டும், மெருகிட வேண்டும். விதி தீயின் இழப்பை அளந்தது. அரத்தின் இழப்பை அளக்கவில்லை. இவ்விடைவெளியில்தான் பொற்கொல்லர் காலங்காலமாக நின்றார்.

தமிழகத்துக் கோயில்கள் இச்சிக்கலைக் கணக்கெழுத்தால் எதிர்கொண்டன. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் (985-1014) அளித்த அணிகலன்களைப் பற்றிய கல்வெட்டுகள், ஒவ்வொரு நகையின் நிறையையும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனப் பதிவு செய்துள்ளன. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. 2 குன்றி ஒரு மஞ்சாடி. பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லும், மணிகள் பதித்த நகைகளை நிறுக்க ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் எடைக்கல்லும் பயன்பட்டன. கோர்த்த சரடு, சட்டம், செப்பாணி ஆகியவை நிறையில் சேராமல் நீக்கப்பட்டன என்பதையும் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என வகைப்படுத்தி எண்ணப்பட்டன.

இத்தகைய நுணுக்கம் கொடையின் பெருமையைப் பறைசாற்றுவதற்காக மட்டும் அமைந்ததன்று. நகை பின்னாளில் கழுவப்படும், சரடு மாற்றப்படும், பழுது பார்க்கப்படும். அப்போதெல்லாம் ஒப்புநோக்குவதற்கு ஒரு மூல அளவு தேவை. கல்லில் வெட்டிய நிறை அத்தகைய அளவாக நின்றது. அது கோயில் பொன்னைக் காத்தது. நேர்மையான கைவினைஞரையும் காத்திருக்கும் என நாம் கருதலாம்.

ஐயமும் பழியும்

இல்லத்து நகைக்கு அத்தகைய கல்வெட்டு இல்லை. நகை பட்டறைக்குப் போகும்போது எவ்வளவு நிறை, திரும்பும்போது எவ்வளவு நிறை என்பது பெரும்பாலும் நம்பிக்கையைச் சார்ந்திருந்தது. நம்பிக்கை குலையும் இடத்தில் பழி பிறந்தது. பெற்ற தாயின் பொன்னிலும் சிறிது எடுத்துக்கொள்வான் தட்டான் என்னும் கருத்தமைந்த பழமொழி தமிழில் வழங்குகிறது. ஒரு தொழில் மரபினர் அனைவரையும் களவோடு இணைக்கும் இப்பழமொழியை, இழப்பு தொழிலின் இயல்பிலேயே உள்ளது என்னும் உண்மையோடு சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் கோவலன் சிலம்பை விற்கச் சென்றபோது எதிர்ப்பட்ட பொற்கொல்லன், அரசியின் சிலம்பைத் தானே கவர்ந்தவன். அவனுடைய வஞ்சம் கோவலன் உயிரைக் குடித்தது. ஆயினும் அக்காப்பியம் அத்தோடு நிற்கவில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்காக ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்னும் செய்தியும் அதில் இடம்பெறுகிறது. ஒருவன் செய்த குற்றத்திற்கு ஆயிரவர் உயிர் ஈடாக்கப்பட்டது. இதனை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் ஒரு தொழிலின்மீது சமுதாயம் கொண்டிருந்த ஐயத்தின் ஆழத்தை அது புலப்படுத்துகிறது. வகுப்பறையில் இப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பாண்டியன் ஒரு கணத்தில் இழைத்த பிழையைப் பற்றி விரிவாகப் பேசுகின்றனர். அந்த ஆயிரவரைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும்.

இதற்கு மாறான சான்றுகளும் உள. மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில், கொடையாளருள் ஒருவராக மதுரைப் பொற்கொல்லர் குறிக்கப்படுகிறார். 505ஆம் குறள், மனிதரின் பெருமையையும் சிறுமையையும் காட்டும் கருவியாகக் கட்டளைக்கல்லை எடுத்துக்கொண்டது. பொற்கொல்லரின் கருவியே அறத்தின் அளவுகோலாக உயர்த்தப்பட்டது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

பவுனும் ‘916’உம்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தமிழரின் பொன் அளவையில் புதிய சொல் ஒன்று நிலைபெற்றது. பிரிட்டிஷ் சவரன் நாணயம் ‘பவுன்’ ஆயிற்று. ஏறத்தாழ 7.988 கிராம் நிறையுடைய அந்நாணயம் 22 காரட் பொன்னால் ஆனது. 24 பங்கில் 22 பங்கு என்பது ஆயிரத்தில் 916 பங்காகும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நகைகளில் காணப்படும் ‘916’ முத்திரை இவ்விகிதத்தையே குறிக்கிறது. சவரன்களைக் கோர்த்த காசுமாலை நம் மூதாட்டியர் கழுத்தில் அணியாகவும் சேமிப்பாகவும் விளங்கியது.

சவரனும் கைக்குக் கை மாறித் தேய்ந்தது. 1870ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நாணயச் சட்டம் அத்தேய்மானத்திற்கு எல்லை வகுத்தது. முழு நிறை 123.27 கிரெயின், 122.5 கிரெயின் வரை தேய்ந்த நாணயம் செல்லும். அதற்குக் கீழே சென்றால் செல்லாது. ஏறத்தாழ 50 மில்லிகிராம் தேய்மானத்தை ஓர் அரசு வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. அதே பொன்னை நகையாக்கி மெருகிட்ட பொற்கொல்லருக்குச் சமுதாயம் அத்தகைய தெளிவான சலுகையை வழங்கவில்லை.

பிற்கால நகைக்கடை வணிகம் அவ்விடைவெளியைத் தன் வழியில் நிரப்பியது. நகை விலையில் ‘செய்கூலி, சேதாரம்’ என்னும் இரு கூறுகள் இடம்பெற்றன. நூல்கள் விட்டுவிட்ட அரத்தின் இழப்பு, சேதாரம் என்னும் பெயரில் வாடிக்கையாளர் கணக்கில் ஏறியது. இழப்பு இப்போது மறைபொருளாக இல்லை. ஆனால் நகை வாங்கிய பின்னர், ஆண்டுதோறும் மெருகிடுவதால் நேரும் இழப்பு எந்தச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகிடும்போது பறக்கும் தூசியைப் பட்டறைகள் கவனமாகத் திரட்டி வைக்கின்றன. அத்தூசியில் பொன் உண்டு என்பதே காரணம்.

அர்த்தசாத்திரம் எச்சரித்த தேய்த்தல், நம் காலத்தில் திராவக வடிவம் பெற்றுள்ளது. வீடு தேடி வந்து நகையைப் பளபளப்பாக்கித் தருவதாகக் கூறுவோர், பொன்னைக் கரைக்க வல்ல இராசதிராவகத்தில் வளையலை அமிழ்த்தி எடுக்கும் மோசடி தமிழகத்தில் பலமுறை வெளிப்பட்டுள்ளது. நகை வடிவம் மாறாமல் திரும்பும். நிறை மட்டும் குறைந்திருக்கும். கரைந்த பொன் திராவகத்தோடு சென்றுவிடும்.

அறிவியல் நமக்கு மாற்று வழிகளையும் தந்துள்ளது. வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, அலுமினியத் தாளின்மீது படுமாறு கறுத்த வெள்ளியை வைத்தால், கறுப்பில் உள்ள கந்தகம் வெள்ளியை விட்டு நீங்குகிறது. வெள்ளி மீண்டும் உலோகமாகி நகையிலேயே தங்குகிறது. தேய்க்காமல் துலக்கும் இம்முறையில் வெள்ளியின் இழப்பு மிகக் குறைவு. கல் பதித்த நகைகளுக்கும், வேலைப்பாட்டிற்காக வேண்டுமென்றே கறுப்பூட்டப்பட்ட நகைகளுக்கும் இது பொருந்தாது. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிக்க நம் நாடுகளில், நகையை நன்கு உலர்த்தி, ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியே காற்றுப் புகாத பைகளில் வைப்பதே முதற்காப்பாகும். அடிக்கடி துலக்க வேண்டிய தேவையைக் குறைப்பதே நிறையைக் காக்கும் வழி.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில உண்மைகள் புலனாகின்றன. பொன்னின் மாசு பெரும்பாலும் புறத்தே படிவது. வெள்ளியின் கறுப்பும் செம்பின் களிம்பும் உலோகத்தையே உட்கொண்டு தோன்றுவன. பூந்திக்கொட்டை நீரும் சலித்த நீறும் இவ்வேறுபாட்டை அறிந்து தேர்ந்தெடுக்கப்பட்டவையாகவே தோன்றுகின்றன. பட்டறை மெருகு ஒளியைத் தந்தது, நிறையைக் குறைத்தது. சட்ட நூல் அவ்விழப்பின் ஒரு பகுதியை மட்டுமே கணக்கிட்டது. கணக்கில் வராத பகுதி பொற்கொல்லரின் பழியாக மாறியது.

களவு செய்த பொற்கொல்லர் இருந்ததில்லை என்பது நம் வாதமன்று. குறைந்த நிறை அனைத்தையும் களவாகக் கருதிய மனப்போக்கு வரலாற்று நோக்கில் திருத்தப்பட வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது. அதற்கான வழியைத் தஞ்சைக் கல்வெட்டுகளே காட்டியுள்ளன. நகையைத் துலக்கக் கொடுக்கும் முன் நிறுத்து எழுதிக்கொள்ளும் எளிய பழக்கம், உடைமையாளரின் சேமிப்பையும் கைவினைஞரின் நற்பெயரையும் ஒருங்கே காக்கும். குவான் லுக் பாட்டில் தன் பெயரைத் தாங்கிய கல்லை விட்டுச்சென்ற பெரும்பத்தன், பிறர் பொன்னின் தரத்தை உரைத்துக் காட்டியவன். அவன் வழிவந்த தொழிலை நாமும் பழமொழியால் அளவிடாமல், தராசால் அளவிடக் கற்பது முறையாகும்.